இரண்டு கோடு மிச்சம்

அடுப்பின் வாய் ஒன்றரைச் சாண்.
லாரிக்காரன் இறக்கிப் போன கட்டைகளோ
ஒவ்வொன்றும் ஒரு மீட்டர்.
இடையில் இருக்கிற கணக்குதான்
இந்தச் சிலோயே தீவில் எங்கள் மழைக்காலம்.

எலியெசெருக்குச் சால்மன் பண்ணை மிதவையில் வேலை.
பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு.
அவன் பெட்ரோல் ரம்பம் கொட்டகையில் தொங்குகிறது.
கயிற்றை இழுத்தால்தான் கண் திறக்கும்.
சிப்பி ஆலையில் ஒன்பது வருடம்
குளிர்ந்த கத்தி பிடித்த என் தோள்
மூன்றாம் இழுப்பில் கையை விரித்துவிடும்.

அதனால் ஆறு தவணையில் இதை வாங்கினேன்.
பேட்டரி ரம்பம்.
பச்சை உடம்பு, ஒரு முழம்கூடத் தேறாத அலகு.
"பொம்மை" என்றான்.
"பல் துலக்கவா?"
நான் சங்கிலிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
பதில் சொன்னால் சிந்திவிடும்.

ஜூனில் எங்களுக்குக் குளிர்.
வடக்கிலிருந்து காற்று கிளம்பியதும்
ஆன்குட் துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
பதினைந்தாம் நாளும் அவன் கடலில்.
செவ்வாய் மாலை மின்சாரம் போனது.
பேட்டரியில் அப்போது இரண்டு கோடு.

இரண்டு கோடென்றால் எத்தனை வெட்டு?
பெட்டியில் வந்த கையேட்டில் அது இல்லை.
மெல்லிய யூகலிப்டஸ் என்றால் முப்பது வரலாம்,
ஈர உல்மோ என்றால் பாதி.
ஒரு கட்டைக்கு இரண்டு வெட்டு, மூன்று துண்டு.
பள்ளியில் கணக்குப் பாடத்தில் தேறாதவள்
கொட்டகை வாசலில் நின்று
விரல் விட்டு எண்ணினேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இளைத்துப்போகும்.
இரவு அதைக் கம்பளிச் சட்டைக்குள் போட்டுப் படுத்தேன்.
செங்கல் மாதிரி விலாவில் அழுத்தியது.
படுக்கையில் அவன் பக்கம் காலி.
கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

காலையில் கண்ணாடி, கையுறை,
அவனுடைய தடித்த பூட்ஸ்,
மூன்று காலுறை போட்டால் எனக்குப் பொருந்தும்.
கட்டையைத் தாங்கியில் கிடத்தி,
அலகுக்கு நேராகத் தலை வராமல் தள்ளி நின்று
விசையை அழுத்தினேன்.

ஒன்று சொல்ல வேண்டும்.
விரலை எடுத்ததும் இது நின்றுவிடுகிறது.
உறுமிக்கொண்டே காத்திருக்கிற பழக்கம் இல்லை.
ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும்
தகரத்தில் மழை திரும்ப வரும்.
வேலிக்கு அப்பால் நோல்வியாவின் கோழிகள்.
கோழிகளிடம் நோல்வியா:
"பெரிய பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள்,
மூன்று மாதமாயிற்று, பேச்சே இல்லை."

நான்தான் அந்த அவள்.
எலியெசெரின் ரம்பம் என்றால்
இது என் காதில் விழுந்திருக்கவே விழுந்திருக்காது.

பாத்திரத்தைத் தேடி எடுத்தேன்.
ஒன்பது துண்டு பிடித்தது.
வேலி மேல் வைத்துவிட்டு
மறுபடி விசையை அழுத்தினேன்,
அவள் நன்றி சொல்வதற்குள், அல்லது திட்டுவதற்குள்.

கடைசியில் ஒரு லூமா.
மரமில்லை அது, இரும்புக்கு அண்ணன்.
அதனிடம் பொம்மையின் பாச்சா பலிக்கவில்லை.
ஒரு விரல் ஆழம் இறங்கியது,
சங்கிலி சூடேறி வாசம் வந்தது,
மிச்சமிருந்த கோடும் கண்ணை மூடியது.
அலகை உருவிக்கொண்டு
கட்டையை உருட்டி அடுப்பருகே போட்டேன்,
உட்காரவாவது ஆகும்.

வெள்ளிக்கிழமை மின்சாரம் காலையில் வந்தது,
அவன் மதியம்.
குவியலைப் பார்த்தான். ஒரு துண்டை எடுத்துச்
சாண் போட்டான்.
"ஒரு விரல்கடை குறைச்சல்."
அடுப்பில் போட்டான். எரிந்தது.
லூமா மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்போது
விரல் அந்தக் காயத்தில் நின்றது.
"இது?"
"அது உனக்கு."

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
சமையலறை மூலையில்
சார்ஜரின் பச்சை விளக்கு.
நான் செருகவில்லை.